துணிவதா, தவிர்ப்பதா? - முடிவெடுக்கும் மூளை பற்றி

வல்ல அல்லாஹ் மனிதனுக்கு அளித்த அருட்கொடைகளுள் அறிவு முதன்மையானது என்பதைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். அறிவு என்றதும் கணக்குச் செய்வதும் பாடத்தை மனனமிடுவதும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அறிவுக்கு அன்றாடம் வரும் கடினமான சோதனை வேறு. விளைவு இன்னதென்று உறுதியாகத் தெரியாத நிலையில் ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும் என்பதே அது. ரயில் கடவையில் சிவப்பு விளக்கு எரிகிறது, ரயிலையோ காணவில்லை, கடப்பதா, நிற்பதா? உயர்தரத்துக்கு உயிரியலா, கலையா? சேமித்த பணத்தை இரண்டே மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்; கொடுப்பதா, மறுப்பதா? இவை எல்லாவற்றிலும் நன்மைக்கும் இடமுண்டு, இழப்புக்கும் இடமுண்டு. இவ்வாறான நிலையையே ஆய்வாளர்கள் 'இடர்' என்கின்றனர்.

இடரின் முன் நிற்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது? இக்கேள்விக்கான விடையின் முதல் துண்டு ஆய்வுகூடத்தில் கிடைக்கவில்லை. அது ஒரு விபத்தில் கிடைத்தது.

1848 செப்டெம்பர் 13ஆம் திகதி அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில் ரயில் பாதை அமைப்பதற்காகப் பாறைகளை வெடி வைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். பினியாஸ் கேஜ் என்னும் 25 வயது இளைஞர் அங்கு மேற்பார்வையாளராக இருந்தார். வெடிமருந்தைத் துளைக்குள் இடித்து இறுக்கும் இரும்புக் கோல் ஒன்று அவர் கையில் இருந்தது. அதன் நீளம் ஒரு மீற்றருக்குச் சற்று அதிகம், நிறை ஏறத்தாழ 6 கிலோகிராம். எதிர்பாராமல் மருந்து வெடித்தது. கோல் அவருடைய இடது கன்னத்தின் கீழாகப் புகுந்து மண்டையோட்டின் உச்சியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது. கேஜ் இறக்கவில்லை. சிறிது நேரத்தில் பேசினார், நடந்தார். ஆனால் அவருக்குச் சிகிச்சையளித்த டொக்டர் ஜோன் ஹார்லோ இருபது ஆண்டுகளின் பின் எழுதிய அறிக்கையில், விபத்துக்கு முன்பு பொறுப்பும் நிதானமும் உடையவராக இருந்தவர் பின்னர் பொறுமையற்றவராகவும், ஒரு திட்டத்தைப் போட்டு உடனே அதைக் கைவிடுபவராகவும் மாறிவிட்டார் என்று குறிப்பிட்டார். நுதற்சோணை, அதாவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி, குணத்தோடும் முடிவெடுப்பதோடும் தொடர்புடையது என்ற எண்ணம் இதன் பின்புதான் வலுப்பெற்றது.

கேஜின் கதையைப் பாடநூல்கள் சற்று மிகைப்படுத்தியே சொல்கின்றன என்பது என் கருத்து. அவர் பின்னர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி சாரதியாக வேலை செய்தார். பல குதிரைகளை ஒன்றாகப் பூட்டிய வண்டியை மலைப்பாதையில் ஓட்டுவது நிதானமில்லாதவரால் முடிகிற காரியமல்ல. காயப்பட்ட மூளையும் ஓரளவுக்குத் தன்னைச் சீர்செய்துகொள்ளும் என்பதற்கும் அவர் சாட்சிதான்.

நூற்றாண்டுக்கும் மேலான காலத்தின் பின் இன்னொரு நோயாளி வந்தார். மருத்துவ நூல்களில் அவர் ஈ.வி.ஆர். என்ற எழுத்துகளால் மட்டுமே அறியப்படுகிறார். மூளையைச் சூழ்ந்த சவ்வில் வளர்ந்த கட்டியொன்றை, அவருடைய 35ஆவது வயதில் சத்திரசிகிச்சை செய்து அகற்றினார்கள். அதனோடு நுதற்சோணையின் கீழ்ப் பகுதியும் பாதிப்படைந்தது. அவரை ஆராய்ந்து போல் எஸ்லிங்கர், அந்தோனியோ டமாசியோ ஆகியோர் 1985இல் கட்டுரை வெளியிட்டனர். நுண்ணறிவுச் சோதனையில் அவர் பெற்ற புள்ளிகள் சராசரியைவிட மிக உயர்வு. ஞாபகசக்தியில் குறையில்லை, மொழியில் குறையில்லை. நீதி, நேர்மை பற்றிக் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்வார். இருந்தும் அவருடைய வாழ்க்கை சிதைந்துபோனது. பலர் எச்சரித்தும் கேளாமல் பிழையான கூட்டாளியோடு வியாபாரம் தொடங்கி முழுச் சேமிப்பையும் இழந்தார். வேலைகள் நிலைக்கவில்லை, திருமணமும் முறிந்தது. எந்த உணவகத்துக்குப் போவது என்று தீர்மானிக்கவே அவருக்கு மணித்தியாலக் கணக்கில் நேரம் பிடித்தது.

இங்கேதான் புதிர். புத்தி குறையவில்லை, முடிவு மட்டும் ஏன் பிழைத்தது? டமாசியோ தந்த விளக்கம் அன்று பலரை வியக்க வைத்தது. ஈ.வி.ஆருக்குச் சிந்தனை இருந்தது. அச்சிந்தனையோடு சேர வேண்டிய உணர்ச்சி அற்றுப்போயிருந்தது. உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்காதே என்று பெரியவர்கள் கூறுவது சரியான அறிவுரைதான். ஆனால் உணர்ச்சியே இல்லாவிட்டால் முடிவெடுப்பதே இயலாமல் போகிறது என்பதை இந்த நோயாளி காட்டினார்.

இதைச் சோதித்துப் பார்க்க ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஆன்டுவான் பெஷாரா, டமாசியோ முதலியோர் ஒரு பரிசோதனையை உருவாக்கி 1994இல் வெளியிட்டார்கள். அது சீட்டுக்கட்டை வைத்துச் செய்யும் பரிசோதனை. மார்க்கம் சூதாட்டத்தைத் தடுத்திருக்க இது என்ன பரிசோதனை என்று சில பெற்றோர் நினைக்கலாம். இதில் பந்தயம் கிடையாது. பங்குபற்றுபவருக்குக் கொடுக்கப்படுவது போலிப் பணம். உண்மையில், சூது மனிதனை எப்படி மயக்குகிறது என்பதை இந்தப் பரிசோதனையைவிடத் தெளிவாகக் காட்டும் ஒன்றை நான் வாசித்ததில்லை.

மேசைமீது நான்கு சீட்டுக்கட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். பங்குபற்றுபவரிடம் 2000 டொலர் போலிப் பணம் கொடுக்கப்படும். விரும்பிய கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாகப் புரட்ட வேண்டும். மொத்தம் 100 சீட்டுகள். எத்தனை என்பது அவருக்குச் சொல்லப்படாது. அ, ஆ கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டொலர் கிடைக்கும். இ, ஈ கட்டுகளில் 50 டொலர்தான். ஆனால் சில சீட்டுகளில் பரிசோடு தண்டமும் உண்டு. இப்போது கணக்கைப் பாருங்கள். அ அல்லது ஆ கட்டில் பத்துச் சீட்டுப் புரட்டினால் வரவு 1000 டொலர், தண்டம் 1250 டொலர். முடிவில் 250 நட்டம். இ அல்லது ஈ கட்டில் பத்துச் சீட்டுக்கு வரவு 500, தண்டம் 250. முடிவில் 250 இலாபம். அதிகம் தரும் கட்டு நட்டக் கட்டு, குறைவாகத் தரும் கட்டே இலாபக் கட்டு.

இன்னொரு நுட்பமும் உண்டு. அ கட்டில் பத்துச் சீட்டுக்கு ஐந்து முறை தண்டம் வரும். ஆ கட்டில் ஒரே முறைதான் வரும், ஆனால் அந்த ஒன்றே 1250 டொலர். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

ஆரோக்கியமானவர்கள் தொடக்கத்தில் 100 டொலர் கட்டுகளையே நாடுவார்கள். சில தண்டங்களின் பின் மெல்ல மெல்ல இ, ஈ பக்கம் சாய்வார்கள். நுதற்சோணையின் கீழ்-நடுப் பகுதி பாதிக்கப்பட்ட நோயாளிகளோ நட்டக் கட்டுகளையே விடாமல் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

1997இல் வெளியான அடுத்த ஆய்வில் மின்வாய்களைப் பொருத்தித் தோலின் மின்கடத்துதிறனையும் அளந்தார்கள். மனம் பதறும்போது உள்ளங்கை வியர்க்கும் அல்லவா? கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்வையும் மின் கடத்தலைக் கூட்டிவிடும். தண்டம் விழுந்த பின் எல்லாருக்கும் அளவீடு உயர்ந்தது, நோயாளிகளுக்கும்தான். வியப்பு வேறிடத்தில் இருந்தது. ஆரோக்கியமானவர்கள் ஏறத்தாழப் பத்துச் சீட்டுகள் புரட்டியதுமே, நட்டக் கட்டின் பக்கம் கையைக் கொண்டுபோகும்போதே, அதாவது சீட்டைத் தொடுவதற்கு முன்னரே, அவர்களுடைய தோல் வியர்க்கத் தொடங்கியது. எந்தக் கட்டு கூடாதது என்று கேட்டபோது அவர்களுக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. ஐம்பதாவது சீட்டளவில்தான் 'ஏதோ சரியில்லை' என்றார்கள். காரணத்தோடு விளக்க எண்பதாவது சீட்டளவு ஆயிற்று. நோயாளிகளிடம் இந்த முன்வியர்வை கடைசி வரை தோன்றவேயில்லை. அவர்களுள் சிலர் எது நட்டக் கட்டு என்பதைச் சரியாகவே விளக்கினார்கள். விளக்கிவிட்டு மறுபடியும் அதையே புரட்டினார்கள். அறிந்தும் தவிர்க்க முடியாத இந்த நிலை என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

உடல் முதலில் அறிகிறது, மனம் பின்பு அறிகிறது என்ற இந்த முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. 2004இல் டியாகோ மையா, ஜேம்ஸ் மக்லெலண்ட் என்ற இருவர் அதே பரிசோதனையைச் செய்து, இன்னும் நுணுக்கமான வினாக்களை இடையிடையே கேட்டனர். முன்பு நினைத்ததைவிட வெகு சீக்கிரமே பங்குபற்றுவோர் நல்ல கட்டை அறிந்திருந்தார்கள் என்று அவர்கள் காட்டினர். ஆக, உடலின் எச்சரிக்கை தனியே முடிவெடுக்கிறதா, அறிவோடு கூடவே வருகிறதா என்ற விவாதம் தொடர்கிறது. நுதற்சோணையின் அப்பகுதி இல்லாமல் முடிவு சீர்கெடுகிறது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு.

ஆ கட்டுக்கு வருவோம். பிற்கால ஆய்வுகள் பலவற்றில் ஒன்று தெரியவந்தது: ஆரோக்கியமானவர்கள்கூட ஆ கட்டை எளிதில் கைவிடுவதில்லை. காரணம் விளங்குகிறது. பத்தில் ஒன்பது முறை அது சிரித்த முகத்தோடு 100 டொலர் தருகிறது. எத்தனை முறை வென்றோம் என்பதை மனம் எண்ணுகிறது. எவ்வளவு இழந்தோம் என்பதைக் கூட்டிப் பார்ப்பதில்லை. நம் நாட்டில் வங்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டிருக்கும் பிரமிட் திட்டங்கள் ஆ கட்டைப் போலவே அமைந்தவை. முதல் சில மாதங்கள் பணம் ஒழுங்காக வரும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் 'சந்தேகப்பட்டோமே' என்று நாமே நம்மைக் கடிந்துகொள்வோம். பின்பு ஒரே ஒரு சீட்டு. தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் போவதும் அப்படித்தான். நூறு தரம் பத்திரமாக வீடு சேர்ந்தது நூற்றியோராவது தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

இதுவரை சொன்னவை காயப்பட்ட மூளைகளிலிருந்து கற்றவை. ஆரோக்கியமான மூளையை எப்படிப் பார்ப்பது? எஃப்.எம்.ஆர்.ஐ. என்னும் முறை 1990களில் அதற்கு வழி திறந்தது. நரம்புக் கலங்கள் சுறுசுறுப்படையும் இடத்துக்கு ஒட்சிசன் நிறைந்த குருதி அதிகமாகப் பாய்கிறது. ஒட்சிசன் ஏந்திய ஈமோகுளோபினும் ஏந்தாத ஈமோகுளோபினும் காந்தப்புலத்தில் வேறு வேறாக நடந்துகொள்ளும். அந்த வேறுபாட்டை அளந்தே படம் வரைகிறார்கள். பத்திரிகைகளில் செம்மஞ்சளாக ஒளிரும் மூளைப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூளை அப்படி ஒளிர்வதில்லை. அது கணிதம் தீட்டிய நிறம். இம்முறையில் அவசரப்பட்டால் என்ன நேரும் என்பதை எச்சரிக்க, சில ஆய்வாளர்கள் இறந்துபோன சால்மன் மீனொன்றை இயந்திரத்துக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். புள்ளிவிவரத் திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது செத்த மீனின் மூளையிலும் 'செயற்பாடு' தெரிந்தது!

கவனமாகச் செய்த ஆய்வுகளுள் 2007இல் சப்ரினா டொம், ரசல் போல்ட்ராக் முதலியோர் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. இழப்பின் வலி அதே அளவு இலாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று 1979இலேயே டானியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் கூறியிருந்தனர். நூறு ரூபாயைக் கண்டெடுத்த சந்தோஷம் மாலைக்குள் மறந்துவிடும். நூறு ரூபாயைத் தொலைத்த கவலை இரவு வரை இருக்கும். (இத்துறைப் பணிக்காகக் கானமனுக்கு 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.) டொம் குழுவினர் 16 பேரை இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, வெல்லவும் தோற்கவும் சரிபாதி வாய்ப்புள்ள தெரிவுகளைக் காட்டினார்கள். இழக்கக்கூடிய தொகையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கிடைக்குமென்றால்தான் பெரும்பாலானோர் சம்மதித்தார்கள். இலாபம் கூடக்கூட ஸ்ட்ரையேட்டம் என்ற ஆழ்பகுதியிலும் நுதற்சோணையின் கீழ்-நடுப் பகுதியிலும் செயற்பாடு கூடியது. இழப்புக் கூடக்கூட அதே இடங்களில் அது தணிந்தது. இழப்புக்கான தணிவு இலாபத்துக்கான உயர்வைவிடச் செங்குத்தாக இருந்தது. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா இதில் தனியாகத் துடித்தெழவில்லை என்பது அவர்களே எதிர்பாராத முடிவு. ஆயினும் 2010இல், அமிக்டலா சிதைந்த இரு நோயாளிகளைச் சோதித்தபோது அவர்களிடம் இழப்பைப் பற்றிய இந்தக் கூடுதல் தயக்கம் காணப்படவில்லை. இரண்டையும் பொருத்திப் பார்க்கும் வேலை இன்னும் முடியவில்லை.

ஸ்ட்ரையேட்டத்துக்கு டோபமைன் என்ற இரசாயனம் வந்து சேர்கிறது. அதை 'இன்ப இரசாயனம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியான பெயரன்று. வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமைன் கலங்களை அவதானித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது கலங்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பின் விளக்கைக் கண்டதும் துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது அவற்றின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. ஆகவே டோபமைன் கணக்கிடுவது இன்பத்தை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலான வித்தியாசத்தை. எப்போது வரும் என்று தெரியாத பரிசு ஏன் ஆளை இவ்வளவு கட்டிப்போடுகிறது என்பதற்கு விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

இனி, இதை வாசிக்கும் மாணவியருக்கும் பெற்றோருக்கும் நெருக்கமான பகுதி. பதின்ம வயதில் பரிசுக்குத் துடிக்கும் ஸ்ட்ரையேட்டம் மிகுந்த வேகத்தோடு இயங்குகிறது. அதற்குக் கடிவாளமிட வேண்டிய நுதற்சோணை இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. 'இந்தப் பிள்ளைக்கு ஆபத்தே விளங்குவதில்லை' என்று உம்மாமார் சொல்வதுண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆற அமர இருந்து வினாத்தாளில் எழுதச் சொன்னால் பதினாறு வயதுப் பிள்ளையும் ஆபத்தைப் பெரியவரைப் போலவே மதிப்பிடுகிறது. பிசகு நேர்வது வேறு சந்தர்ப்பத்தில்.

2005இல் மார்கோ கார்ட்னர், லோரன்ஸ் ஸ்டைன்பர்க் ஆகியோர் 306 பேரை வைத்துக் கணினியில் வாகனம் ஓட்டும் விளையாட்டொன்றை நடத்தினார்கள். தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதினர் பெரியவர்களைவிடப் பெரிதாக அவசரப்படவில்லை. நண்பர்கள் அருகில் இருந்தபோது அவர்கள் எடுத்த இடர் வெகுவாக அதிகரித்தது. 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2011இல் ஜேசன் செயின் முதலியோர் இவ்வாறான ஆட்டத்தையே ஸ்கேன் இயந்திரத்துக்குள் செய்து பார்த்தனர். சமிக்ஞை விளக்கு மஞ்சளாக மாறுகிறது. நின்றால் நேரம் போகும், பாய்ந்தால் நேரம் மிஞ்சும், மோதினால் எல்லாவற்றையும்விட அதிக நேரம் போகும். நண்பர்கள் மற்றொரு அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று அறிந்தவுடனேயே பதின்ம வயதினரின் ஸ்ட்ரையேட்டம் அதிகமாகச் செயற்பட்டது. நண்பர்கள் 'பாய்' என்று தூண்ட வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். கைத்தொலைபேசியின் மறுபக்கத்தில் எப்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கும் காலத்தில் வளரும் பிள்ளைகளைப் பற்றி இது என்ன சொல்கிறது என்பதைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

நண்பர்களின் பார்வை இப்படிச் செய்யுமானால் தாயின் பார்வை என்ன செய்யும்? ஈவா டெல்சர் குழுவினர் 2015இல் அதையும் சோதித்து எழுதினார்கள். அதே மஞ்சள் விளக்கு ஆட்டம். பதின்ம வயதினர் ஒருமுறை தனியாகவும், மறுமுறை தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் ஆடினர். தாய் பார்க்கும்போது அவர்கள் விளக்கை மீறிப் பாய்ந்தது குறைந்தது. அதைவிடச் சுவையான செய்தி மூளைப் படத்தில் இருந்தது. பாய்ந்து செல்லும்போது ஸ்ட்ரையேட்டத்தில் வழக்கமாக எழும் துடிப்பு, தாய் இருந்தபோது தணிந்திருந்தது. இடர் எடுப்பதில் இருந்த இனிமையே குறைந்துவிட்டது என்று இதைப் பொருள்கொள்ளலாம். நின்று பொறுத்தபோதோ, கட்டுப்பாட்டுக்குரிய நுதற்சோணைப் பகுதி ஸ்ட்ரையேட்டத்தோடு முன்பைவிட இணைந்து இயங்கியது.

இது சிறியதோர் ஆய்வு. பங்குபற்றியவர்கள் அமெரிக்கப் பிள்ளைகள். ஆடியது கணினி ஆட்டம். நம் ஊர்ப் பிள்ளைகளிடமும் அப்படியே நடக்கும் என்று உறுதி கூற முடியாது. இஸ்திகாராத் தொழுகையும், மூத்தவர்களோடு மஷூரா செய்யும் வழக்கமும் நம்மிடையே உண்டு. இரண்டுமே முடிவெடுக்கும் கணத்தைச் சற்றுத் தள்ளிவைக்கின்றன. தனியாக இருப்பவரைத் தனிமையிலிருந்து எடுக்கின்றன. அந்த இடைவெளியில் மூளைக்குள் நிகழ்வதென்ன என்று அளந்து பார்க்கும் ஆய்வொன்றை இந்தக் கல்லூரியில் இன்று உயிரியல் கற்கும் ஒருத்தியே ஒருநாள் செய்யக்கூடும். அவளுக்கு உயிரியலோடு புள்ளிவிவரவியலும் கைவர வேண்டும். செத்த மீனின் கதை மறந்துபோகக் கூடாது.